ஏரி நீர் எங்கே போயிற்று?

(விழாவின் சிறுவர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



இன்றைய உரை குழந்தைகளுக்கு உரியது. பெரியவர்களும் உடனிருந்து கேட்டால், வீடு திரும்பும் வழியில் பிள்ளைகள் தொடுக்கும் வினாக்களுக்கு விடை சொல்ல அது துணையாகும்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் ஊர் என்று ஒன்று இருந்தால் அதனை அடுத்து ஏரி ஒன்றும் இருக்கும். கார்த்திகையில் நல்ல மழை பெய்த ஆண்டில் அந்த ஏரி கரையை முட்ட நிறைந்து கடல் போலக் காட்சி தரும். "ஏரி கோடி போகிறது" என்ற சொல் காதில் விழுந்தவுடன் ஊரே கரைக்கு விரையும். அதே ஏரியை வைகாசியில் சென்று பாருங்கள். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடுகள் மேயும். பிள்ளைகள் மட்டையும் பந்துமாகக் கிரிக்கெட் ஆடுவர். விடுமுறைக்குப் பட்டணத்திலிருந்து தாத்தா வீட்டிற்கு வந்த குழந்தை அதனைக் கண்டு, "அவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று தாத்தா?" என்று கேட்கும்.

எளிய வினாதான். ஆனால், நீர்ச் சுழற்சி என்று பாடநூல் கூறும் இயற்கை நிகழ்ச்சி முழுவதும் இவ்வொரு வினாவிற்குள் அடங்கியிருக்கிறது. ஏரி நீர் நான்கு வழிகளில் போயிற்று. ஒரு பகுதி வானுக்குப் போயிற்று. ஒரு பகுதி பயிருக்குப் போயிற்று. ஒரு பகுதி நிலத்துக்குள் போயிற்று. எஞ்சியது ஆற்றின் வழியே கடலுக்குப் போயிற்று. நான்கில் எந்த வழியிற் சென்ற நீரும் அழிந்துவிடவில்லை. இந்நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

வானுக்குப் போன நீர்

துவைத்த புடவையைக் காலையில் கொடியில் உலர்த்துகிறார் அம்மா. நண்பகலில் அது காய்ந்துவிடுகிறது. அதில் இருந்த நீரை எவரும் பிழிந்து எடுக்கவில்லை. கீழே சொட்டவும் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக் காற்றோடு கலந்துவிட்டது. இதற்கு நீர் கொதிக்க வேண்டியதில்லை. நீர் என்பது அளவிட முடியாத எண்ணிக்கையிலான நுண்துகள்களின் கூட்டம். அத்துகள்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன. மேற்பரப்பில் உள்ளவற்றுள் விரைவு மிக்கவை தம் கூட்டத்தை விட்டுப் பிரிந்து காற்றில் ஏறிவிடுகின்றன. இதுவே ஆவியாதல். வெயில், காற்று, காற்றின் வறட்சி, நீர்ப்பரப்பின் அகலம் ஆகிய நான்கும் அதனை விரைவுபடுத்தும். சுருட்டி வைத்த ஈரத்துணி காய நாளாவதும், விரித்துப் போட்டது விரைவில் காய்வதும் இதனால்தான்.

நம் ஏரிகள் அகலத்தில் பெரியவை, ஆழத்தில் சிறியவை. ஆதலால், கோடை வெயில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஏரி நீரை வானுக்கு ஏற்றிவிடும். ஒரு மாதத்தில் அது ஒரு சாண் அளவிற்கு வரும்.

நீர் ஏறிச் செல்லும்போது தன்னுடன் இருந்த உப்பை விட்டுச் செல்கிறது. இதனைக் கண்ணாரக் காண விரும்பினால் மரக்காணத்து உப்பளங்களுக்குச் செல்ல வேண்டும். பாத்திகளில் உவர்நீரைத் தேக்கிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நீரை வெயில் கொண்டு செல்கிறது. உப்பு பாத்தியில் தங்குகிறது. கடல் நீர் உவர்ப்பாக இருந்தும் மழைநீர் இனிப்பாக இருப்பதன் மறைபொருள் இதுவே. உலகில் ஆவியாகும் நீரில் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கு கடலிலிருந்தே எழுகிறது. அதில் பெரும்பகுதி மழையாகிக் கடலிலேயே விழுகிறது. காற்றால் தள்ளப்பட்டு நிலத்துக்கு வந்து சேரும் சிறு பங்கினைக் கொண்டே ஆறுகள் ஓடுகின்றன.

ஆவியாவதற்கு வெப்பம் மிகுதியாக வேண்டும். பனிக்கட்டி உருகிய ஒரு கிராம் குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 100 கலோரி போதும். கொதிநிலையை அடைந்த அதே ஒரு கிராமை முழுதும் ஆவியாக்க இன்னும் 540 கலோரி தேவை. கதிரவன் தந்த இவ்வெப்பம் வீணாவதில்லை. ஆவி அதனைத் தன்னுள் மறைத்து எடுத்துச் செல்கிறது. மேலே சென்று மீண்டும் நீராகும்போது அவ்வெப்பத்தை வெளியிடுகிறது. புயல் தன் வலிமையைப் பெறுவது இவ்வெப்பத்தினால்தான்.

பயிருக்குப் போன நீர்

மதகைத் திறந்தவுடன் ஏரி நீர் கால்வாய் வழியே நெல்வயலுக்குச் சென்றது. நெற்பயிர் அதனை வேரால் உறிஞ்சியது. பயிர் உறிஞ்சிய நீர் முழுவதும் பயிரிலேயே தங்கிவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. நூறு குவளை நீரை உறிஞ்சிய செடி இரண்டு மூன்று குவளையையே தனக்கென வைத்துக்கொள்ளும். எஞ்சியதை இலைகளில் உள்ள நுண்துளைகள் வழியே ஆவியாக வெளியிடும். இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். வேப்பமரத்தின் கிளை ஒன்றைக் காலையில் கண்ணாடி போன்ற நெகிழிப் பையால் மூடிக் கட்டுங்கள். பிற்பகலில் பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் படிந்திருக்கும். மரத்தடியில் தோன்றும் குளிர்ச்சிக்கு நிழல் மட்டும் காரணம் அன்று. இலைகள் நீரை ஆவியாக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதும் காரணம்.

மேகமும் மழையும்

மேலேறிய ஆவி மீண்டும் நீராவது எவ்வாறு? இதற்கான சோதனை நம் இல்லங்களில் நாள்தோறும் நடைபெறுகிறது. நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் வழக்கமுடைய குடும்பங்கள் நம்முடையவை. காய்ச்சிய பாத்திரத்தின் மூடியைப் பாட்டி திறக்கும்போது அதன் அடிப்புறத்தைக் கவனித்தது உண்டா? அங்கே துளித்துளியாக நீர் தொங்கிக்கொண்டிருக்கும். சூடான ஆவி, சூடு குறைந்த மூடியைத் தொட்டுக் குளிர்ந்து நீராகிவிட்டது. வானத்தில் நடப்பதும் இதுவே. ஆனால், அங்கே மூடி இல்லை. உயரமே மூடியின் வேலையைச் செய்கிறது. தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே செல்லச் செல்ல வெப்பம் சராசரியாக ஆறரை பாகை செல்சியஸ் குறைகிறது. குளிர்ந்த காற்றினால் அவ்வளவு ஆவியைத் தாங்கிக்கொள்ள இயலாது.

துளி உருவாகப் பற்றுக்கோடு ஒன்று தேவை. காற்றில் மிதக்கும் தூசியும், கடலலை தெறித்ததால் எழுந்த உப்புத்துகளும் அப்பற்றுக்கோடாக அமைகின்றன. அவற்றைச் சுற்றி ஆவி படிந்து நுண்துளியாகிறது. மேகத்துளி ஒன்றன் குறுக்களவு ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். அது கீழே விழும் அளவிற்குக் கனமுடையதன்று. மேலெழும் காற்று அதனைத் தாங்கிக்கொள்கிறது. அத்தகைய துளிகள் பத்து லட்சம் அளவில் ஒன்றுசேர்ந்தால்தான் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மழைத்துளி ஆகும். இனி மழையில் நனையும்போது, முகத்தில் விழும் ஒவ்வொரு துளியும் பத்து லட்சம் துளிகளின் கூட்டம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்குத் தொடர்ச்சி மலைமீது மோதி மேலேறிக் குளிர்ந்து, கேரளப் பக்கத்தில் தன் நீரின் பெரும்பகுதியைப் பொழிந்துவிட்டுத் தமிழகத்திற்கு வருகிறது. ஐப்பசியில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வங்கக் கடலின் மேல் வரும்போது நீராவியை நிறைத்துக்கொண்டு நம் கரையை அடைகிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கிடைத்துவிடுகிறது. மூன்று மாதத்து வரவை வைத்துப் பன்னிரண்டு மாதம் குடும்பம் நடத்த வேண்டும் என்பதே நம் நிலத்தின் நிலை. இதனை மறவாதிருங்கள், உரையின் இறுதியில் இது மீண்டும் வேண்டப்படும்.

நிலத்துக்கும் கடலுக்கும் போன நீர்

ஏரியில் நின்ற நீரில் ஒரு பகுதி மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. மணலுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளிகளிலும், பாறையின் வெடிப்புகளிலும் சென்று தங்கியது. ஏரி நிறைந்தால் அடுத்துள்ள கிணறுகளில் நீர் ஏறுவது இதனால்தான். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கிறது. ஆயினும், அம்மணலில் ஊற்றுத் தோண்டினால் நீர் சுரக்கும். மேலே ஓடாத ஆறு கீழே இருக்கிறது.

மண்ணுக்குள் இறங்க நேரமில்லாத நீர் வழிந்தோடியது. சவ்வாது மலையில் பெய்த மழை செய்யாறாகிப் புறப்படுகிறது. திருமுக்கூடல் என்னும் ஊரருகே வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பதையே அவ்வூர்ப் பெயர் சொல்கிறது. பின்னர்ப் பாலாறு வங்கக் கடலை அடைகிறது. அங்கே வெயில் அந்நீரை மீண்டும் வானுக்கு ஏற்றக் காத்திருக்கிறது. காற்றில் ஏறிய நீர் சராசரியாக ஒன்பது பத்து நாள்களில் மழையாகிவிடும். கடலைச் சேர்ந்த நீர் மேலேற மூவாயிரம் ஆண்டு ஆனாலும் ஆகலாம்.

அளந்து அறிந்தவர்கள்

இவ்வுண்மைகள் ஒரு நாளில் அறியப்பட்டவை அல்ல. மேலை நாடுகளில் நெடுங்காலம், ஆறுகள் பெருக மழை மட்டும் போதாது, கடல்நீர் நிலத்தடிச் சுரங்கங்கள் வழியே மலைக்கு ஏறி ஆறாக வருகிறது என்று கற்றோர் பலர் நம்பினர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியர் பெரோ என்பவர் அதனை அளந்து பார்க்க முற்பட்டார். சேன் ஆற்றின் தொடக்கப் பகுதியில் ஓராண்டில் பெய்த மழையையும் பனியையும் கணக்கிட்டார். ஆற்றில் ஓடிய நீரையும் கணக்கிட்டார். வானிலிருந்து விழுந்தது ஆற்றில் ஓடியதைப் போல் ஆறு மடங்கு இருந்தது. 1674-இல் வெளிவந்த அவருடைய நூல் அதனைக் கூறிற்று. மழையே ஆற்றுக்குப் போதும் என்பது அதனால் தெளிவாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, வால்மீன் ஆய்வால் புகழ்பெற்ற எட்மண்ட் ஆலி, ஒரு பாத்திரத்தில் உப்புநீரை வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று நிறுத்துப் பார்த்தார். அதனைக் கொண்டு மத்தியதரைக் கடலில் நாள்தோறும் எவ்வளவு நீர் மேலேறும் என்று கணக்கிட்டார். ஆறுகளுக்கு வேண்டிய நீர் கடலிலிருந்து வானம் வழியாகவே வர முடியும் என்பது அவர் கண்ட முடிவு.

கருவி கொண்டு அளக்கும் முன்பே இத்தொடர்பை உணர்ந்தவர் வள்ளுவர். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு என்னும் அதிகாரத்தை வைத்தார். தன்னிடம் நீரைக் கொண்ட மேகம் அதனைத் திருப்பித் தராவிடில் பெருங்கடலும் தன் தன்மை குன்றும் என்னும் கருத்தை அங்கே கூறுகிறார். கொள்வதும் கொடுப்பதுமாகிய சுழற்சி அவருக்கு ஐயமின்றித் தெரிந்திருக்கிறது.

நூறு லிட்டர்க் கணக்கு

உலகில் உள்ள நீர் முழுவதையும் நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் தொண்ணூற்றேழரை லிட்டர் உவர்நீர். நன்னீர் இரண்டரை லிட்டர். அவ்விரண்டரையிலும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லிட்டர் துருவங்களிலும் மலைமுடிகளிலும் பனியாக உறைந்திருக்கிறது. முக்கால் லிட்டர் நிலத்துக்கடியில் உள்ளது. உலகின் ஏரிகளிலும் ஆறுகளிலும் உள்ள நன்னீர் அனைத்தும் சேர்ந்து இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. வானில் ஆவியாகவும் மேகமாகவும் இருப்பது ஒரு மில்லிலிட்டர். சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து விட்டால் ஏறத்தாழ இருபது சொட்டு. இவ்விருபது சொட்டு ஓயாமல் மேலேறியும் கீழிறங்கியும் வருவதால்தான் உலகத்து உயிர்கள் அனைத்தும் வாழ்கின்றன.

நீரின் மொத்த அளவு கூடுவதில்லை, குறைவதும் இல்லை. அப்படியானால் நீருக்குப் பஞ்சம் ஏன் வருகிறது? நீர் உலகில் இருக்கிறதா என்பது கேள்வியன்று. நம் ஊரில், நமக்கு வேண்டிய மாதத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மேகமும் கடலும் அல்லர், மனிதர்கள்.

ஓடும் நீரை நடக்கச் செய்தவர்கள்

மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத்திற்கு ஆக்கிக்கொள்ள முன்னோர் கண்ட வழி ஏரி. சரிவான நிலத்தின் குறுக்கே வளைந்த கரை எழுப்பினர். மேட்டு நிலத்து மழைநீரைக் கொண்டுவர வரத்துக்கால் வெட்டினர். வயலுக்கு நீர்விட மதகு அமைத்தனர். மிகுதியான நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கோடி வைத்தனர். மேல் ஏரியின் கோடி நீர் வீணாகாமல் கீழ் ஏரிக்கு வரவாகும். அதன் கோடி நீர் அதற்கும் கீழுள்ள ஏரிக்கு வரவாகும். மலையிலிருந்து கடலுக்கு ஓடிவிடத் துடிக்கும் நீரை, ஒவ்வோர் ஊரிலும் சற்றே நிறுத்தி, மண்ணுக்குள் இறக்கி, வயலுக்கு ஊட்டி, பிறகே அனுப்பினர். தமிழகத்தில் இத்தகைய ஏரிகள் ஏறத்தாழ 39,000 உள்ளன.

ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகத்தை மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அங்கே ஏரி இன்றும் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை வழியே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியைக் காப்பது யாரோ ஒருவருடைய வேலை என்று விடப்படாமல், ஊரார் பொறுப்பேற்று முறை வைத்துச் செய்த கடமையாக இருந்தது.

அப்பொறுப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதைச் சென்னை கண்டது. 2015 டிசம்பர் முதல் நாளில் கொட்டிய மழையால் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. வீடுகளின் முதல் மாடி வரை நீர் ஏறிய பகுதிகள் உண்டு. நான்கு ஆண்டு நிறைவதற்குள், 2019 ஜூனில், அதே நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு ரயில் வந்தது. இவ்வரங்கில் உள்ள பிள்ளைகளுள் சிலர் அந்நாள்களில் குடத்துடன் லாரிக்காகக் காத்திருந்த தாயின் அருகே நின்றவர்களாகவும் இருக்கலாம். வெள்ளமாக வந்த நீரைத் தங்கவைக்க இடமில்லை. ஆதலால் வறட்சியில் எடுக்கவும் நீரில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். நூறு சதுர மீட்டர், அதாவது ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி உள்ள மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். ரயில் சுமந்து வந்த 25 லட்சம் லிட்டர், அத்தகைய 2,500 மாடிகளில் ஒரு சென்டிமீட்டர் மழையில் கிடைத்துவிடும் நீர். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது இக்கணக்கை அறிந்துதான். குழாய் இருக்கிறது, அதன் அடியிலுள்ள மணலும் சல்லியும் தூர்ந்து போகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்தாம் அரியர்.

பிள்ளைகளுக்கு மூன்று பணிகள்

முதற்பணி: ஒரு தட்டில் நீர் ஊற்றி மாடியில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். ஆலி செய்த சோதனைக்கு இது நெருங்கிய உறவு.

இரண்டாம் பணி: பக்கங்கள் நேராக உள்ள கண்ணாடிக் குவளை ஒன்றை மழையில் திறந்த வெளியில் வையுங்கள். நின்ற நீரின் உயரத்தை அளந்து, வீட்டு மாடியின் பரப்போடு பெருக்குங்கள். அன்று வானம் வீட்டிற்குத் தந்த லிட்டர் எத்தனை என்பது தெரியும். அந்தத் தொகை வீட்டார் அனைவரையும் வியக்க வைக்கும்.

மூன்றாம் பணியே தலையாயது. விழா முடிந்து பட்டணம் திரும்பும் முன், தாத்தாவை அழைத்துக்கொண்டு ஊர் ஏரிக்குச் செல்லுங்கள். "வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது? மதகுகள் எத்தனை? கோடி நீர் எந்த ஏரிக்குப் போகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

இப்பணியைத் தலையாயது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் நீர்க்கட்டி என்னும் ஊர்ப்பணியாளர் ஒவ்வொரு கால்வாயின் போக்கையும் அறிந்திருந்தார். ஏரியின் வண்டலைக் கோடையில் வண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாக இட்டனர். வயலும் வளம் பெற்றது, ஏரியும் ஆழம் பெற்றது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஏரியை நோக்கும் தேவை குறைந்தது. குடும்பங்கள் வேலையையும் கல்வியையும் நாடிப் பட்டணம் சென்றன. கால்வாயில் முட்செடி வளர்ந்தது. சில இடங்களில் மனைக்கல்லும் நடப்பட்டது. எது கால்வாய், எது வெற்றுப் பள்ளம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்த முதியவர்கள் மட்டுமே. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளாவிடில், அடுத்த தலைமுறையில் கால்வாயைக் காக்க விரும்புவோர்க்கும் அது இருந்த இடம் தெரியாது போய்விடும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பேரக்குழந்தை கரைக்கு அழைத்தால் கால்வலியைச் சொல்லி மறுக்காதீர்கள். மெல்ல நடந்தே சென்று காட்டுங்கள்.

வானம் தன் பங்கைத் தவறாமல் செய்கிறது. கடலும் கதிரவனும் காற்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன. மழைத்துளி நிலத்தைத் தொட்ட இடத்திலிருந்து அது கடலைச் சேரும் வரை உள்ள வழி மட்டும் மனிதர் கையில் இருக்கிறது. அவ்வழியில் அதனை நடக்க விடுவதா, ஓட விடுவதா என்பதை ஊரார் முடிவு செய்கிறார்கள். அடுத்த வைகாசியில் ஒரு குழந்தை, "அவ்வளவு தண்ணீரும் எங்கே போயிற்று?" என்று கேட்டால், "கொஞ்சம் வானுக்குப் போயிற்று, கொஞ்சம் வயலுக்குப் போயிற்று, மீதி நம் கிணற்றில் இருக்கிறது, வந்து பார்" என்று அழைத்துச் சென்று காட்டும் நிலை ஒவ்வோர் ஊருக்கும் வாய்க்கட்டும்.